கடலைச் சட்டியில் கறுப்பு மணல்

யுரேனியம் எந்தக் கல்லுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அணுக்கழிவையும் அப்படியொரு கல்லாக்கி, பூமிக்கடியில் லட்சம் ஆண்டு கசியாமல் வைக்க வழி தேடும் ஆய்வகத்தில் வேலை. இதில் எனக்குத் தெரியாதது குறைவு. அடக்கமாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

லீவில் வந்திருந்தபோது ஒருநாள் மணப்பாட்டுக் கடற்கரை மணலைக் கதிர்வீச்சு மீட்டரால் அளந்துவிட்டு, தூத்துக்குடியில் பஸ் இறங்கினேன். துறைமுகச் சாலையில் தள்ளுவண்டியில் கடலை வறுக்கும் அண்ணாச்சி எனக்குக் கல்லூரிக் காலத்துப் பழக்கம். பொட்டலத்துக்குக் கை நீட்டினால், பையில் அணைக்க மறந்த மீட்டர் படபடவென்று அடிக்கிறது. சட்டியில் அதே கறுப்பு மணல்!

"மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனப்ப ஒரு சாக்கு அள்ளிட்டு வந்தேன். கனமான மண்ணு தாயி, சூடு நின்னு பிடிக்கும்" என்றார் பெருமையாக.

"ஐயோ அண்ணாச்சி, இதுல யுரேனியம் இருக்கு!"

கத்தியே விட்டேன். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா வாயிலிருந்ததைத் துப்பினார். மறுநாளைக்குள் 'அணுக்கடலை' என்று ஊரே கேலி. வண்டிப் பக்கம் ஈ காக்காய் இல்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டி மணலை மாற்றச் சொல்லி எங்கள் ஊர் ஆற்று மணல் ஒரு வாளியோடு போய், சாலையில் நின்றவர்களைக் கூப்பிட்டேன். கறுப்பு மணலுக்கு நேரே மீட்டர் படபடத்தது. அதில் வறுத்து, சலித்து, துடைத்த கடலைக்கு நேரே, வெறும் ரோட்டில் கேட்பதுபோல எப்போதாவது ஒரு 'டிக்'.

"இந்த மண்ணுல மோனசைட்டுன்னு ஒரு மஞ்சள் மணி இருக்கு. யுரேனியம், தோரியம் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. ஆறு உருட்டியும் கடல் அரைச்சும் கோடி வருசமா வெளிய விடல. இந்தச் சட்டிச் சூடா விடவைக்கும்?"

"பொறவு எதுக்குளா மண்ணை மாத்தச் சொல்லுதே?" என்றார் மீன்காரம்மா.

"தின்னுதவங்களுக்காக இல்லம்மா. பொழுதன்னைக்கும் பக்கத்துல நின்னு தூசிய இழுக்கது அண்ணாச்சிதான."

சொல்லிவிட்டு அந்தக் கடலையையே ஒரு கை அள்ளி எல்லார் முன்னாலும் தின்றேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு பொட்டலம் போடும்" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு லாரி டிரைவர்கள் வந்து நின்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்க்காமலே பொட்டலம் மடித்தார்.

"கோடி வருசமா அந்தக் கல்லு உள்ள வச்சிருந்ததை, நீ ஒரு நிமிசம் உள்ள வச்சிருக்க மாட்டியா தாயி?"