நான் தொடாத முதல் தட்டு

நான் பொய் சொன்னேன். வாயில் வைக்காத கோழிக்கறியை "நல்லா இருக்குதுங்க" என்றேன். அதை நம்பி அன்று மதியம் ஒன்பது பேர் சாப்பிட்டார்கள்.

காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் ஜெசிந்தா அக்காவின் சாண்ட்விச் கடை. நான்கு மேசை, ஒரு டோஸ்டர், ஒரு பழைய பிரிட்ஜ். பக்கத்துக் கடையில் நான் மிக்சி பழுது பார்க்கிறேன்; மதியச் சாப்பாடு அவரிடம்தான். அக்கா கத்தோலிக்கர். தவக்காலம் முழுவதும் கறியை நாவில் வைக்கமாட்டார். ஆனால் வருகிறவர்களுக்குச் சிக்கன் சாண்ட்விச் வேண்டுமே! ஆகவே அந்த நாட்களில் ருசி பார்ப்பவன் நான். நான் தலையசைத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு போகும். அந்த மரியாதை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

சென்ற ஆண்டு பங்குனியில், கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள். சாட்டினால், அதாவது திருவிழாவை அறிவித்துவிட்டால், அது முடியும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் கறி தொடக்கூடாது. இதை அக்காவிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் இடத்துக்கு வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவாரோ என்ற அற்பப் பயம்...

"ஏனுங்க தம்பி, உப்புக் காரமெல்லாம் சரியா இருக்குதுங்களா? ராத்திரி கரண்ட் வேற போயிருச்சுங்க. பார்த்துச் சொல்லுங்க."

தட்டை வாங்கித் திரும்பி நின்றேன். ஒரு துண்டை உதட்டருகே கொண்டுபோனேன். புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஏறியது! அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். விரத நாளில் எந்தக் கறியும் நாறத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துண்டைக் காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டேன்.

"நல்லா இருக்குதுங்க அக்கா."

மாலைக்குள் ஒன்பது பேரும் வாந்தியெடுத்து விழுந்தார்கள். எட்டுப் பேர் தேறிவிட்டார்கள். எதிர்த் துணிக்கடையில் வேலை செய்த கவிதா மட்டும்... அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. இருபத்துமூன்று வயது! இன்றும் டயாலிசிஸ் செய்துதான் உயிரோடு இருக்கிறாள்.

மருத்துவமனை வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

"நீங்களும்தானுங்க தம்பி சாப்பிட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே. அப்ப கறி நல்ல கறிதானுங்க. தண்ணிதான் கெடுத்துப்போட்டுது."

"ஆமாங்க" என்றேன். நான் மனிதனா?

பூட்டிய கடையை அக்கா மீண்டும் திறக்கிறார். இப்போதும் தவக்காலம். தண்ணீர் வடிகட்டி புதிது, கேன்கள் புதிது. பிரிட்ஜ் மட்டும் அதே பழைய பிரிட்ஜ். அதை மாற்றவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? கறியில் குற்றமில்லை என்பதற்குச் சாட்சியே நான்தானே!

இன்று காலை போன் செய்தார்.

"நாளைக்கு மத்தியானம் முதல் தட்டு உங்களுக்குத்தானுங்க தம்பி. உங்க நாக்கை நம்பித்தான் திரும்பக் கடை போடறேன்."

இப்போதாவது உண்மையைச் சொன்னாயா என்றுதானே கேட்கிறீர்கள்?

"வாரேனுங்க அக்கா" என்றேன்.

ஊரில் நேற்றுதான் நோம்பி சாட்டினார்கள்.