அண்ணாச்சி ஏற்றிய நான்கு வாஷர்

பேட்டையில் எங்கள் பட்டறைக்கு மாதம் ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அன்று லேத் ஓட்டும் அண்ணாச்சி, வெல்டர், டிரில் போடும் நான், மூன்று பேரும் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, வாஷர்தான். ஆனால் அந்த மாதம் வாஷருக்கு மவுசு கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவருக்குத்தான் லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் மூவர் ஊரிலும் அன்றைக்கே கோயில் கொடை! கரண்ட் வரும்போது யாரிடம் வாஷர் அதிகமோ அவருக்கு லீவு என்று பேசிக்கொண்டோம். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என் மகள் முதல் தடவையாக முளைப்பாரி எடுக்கிறாள். நான் போயே ஆக வேண்டும்.

மூன்று மணிக்கு அண்ணாச்சியிடம் என்னைவிடப் பத்து வாஷர் கூட; வெல்டர் எங்கள் இருவருக்கும் பின்னால். என் கையில் ராஜாவும் எட்டும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டில் இன்னொரு ராஜா! அண்ணாச்சி ஒன்றும் வைக்காமல் மேசையைத் தட்டி என்னிடம் விட்டார். நான் இரண்டு வாஷர் வைத்தேன். வெல்டர் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். உடனே அண்ணாச்சி நான்கை எடுத்து வைத்தார்.

பம்மிக் கிடந்துவிட்டு ஏற்றுகிறாரே மனுஷன்! இப்படி யார் ஏற்றினாலும் நான் சீட்டைப் போட்டுவிட்டு ஓடுவேன், அது பட்டறைக்கே தெரியும்.

"என்னவே இப்படி வேர்க்குது? கீழ போட்டுட்டு டீ குடிக்கப் போவும்," என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்பது பேர் ஆடினால் யாரிடமாவது பெரிய சீட்டு இருக்குமென்று பயப்படலாம். மூன்று பேர் ஆட்டத்தில் ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு ஓடினால், பிறகு எதற்குத்தான் நிற்பது? ஏற்றுவதற்கும் எங்களிடம் அளவு உண்டு. இனி வரும் இரண்டு சீட்டுக்கும் நான்கு நான்குதான். கடைசிவரை பார்க்க இன்னும் பத்து வாஷர் போதும்.

"நான் எங்கயும் போவல அண்ணாச்சி," என்று இரண்டை வைத்தேன்.

அடுத்து ஒரு ரெண்டு விழுந்தது. அவர் நான்கு, நான் நான்கு. கடைசியில் விழுந்தது ராஜாவுக்கும் மேலான ஏஸ். அவர் கையிலும் ஓர் ஏஸ் இருந்தால் போச்சு! அவர் யோசிக்காமல் நான்கு வைத்தார். நானும் வைத்தேன்.

அவர் சீட்டைத் திருப்பினார். ராணி, ஜாக்கி. ஒரு ஜோடிகூட இல்லை!

"ஓடிருவீருன்னுல்லா நெனச்சேன்! என்னைக்கும் இல்லாம இன்னைக்கு நிக்கீரே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தோம். நான்தான் கூட. வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன், மகள் எடுத்தாள்.

"நான் வாரேன்டி!" என்று கத்தினேன்.

"அப்பா, முளைப்பாரிப் பானைய என் தலையில தூக்கி வைக்க நீங்க வரமாட்டீங்கன்னு மாமாவ வரச் சொல்லிட்டேன்," என்றாள். "வேண்டாம்னு சொல்லிருதேன்."