மழைக்கஞ்சி எடுத்த பிள்ளை

தூங்கும்போதும் அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றுவதில்லை. பாயெல்லாம் மண்ணாகிறது என்று தாய் ஒருமுறை கழற்றிவிட்டாள். பிள்ளை அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, திரும்பப் போட்டுக்கொண்டு படுத்தது.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் காடு, வானம் பார்த்த வெள்ளாமை. அந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்து கண்மாய் உடைந்தது. மில் வேன் வந்து தாயை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிப்போன அரை மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. தகப்பன் வெளிமாநிலத்தில் முறுக்குக் கம்பெனியில் இருந்தான். எட்டு வயதுப் பிள்ளை மட்டும் வீட்டில். கட்டிக் கிடந்த இரண்டு ஆடுகளை அவிழ்க்கப் பார்த்திருக்கிறது. நனைந்த கயிறு இறுகிவிட்டது. பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏறி நின்று, ஆடுகளின் சத்தம் நிற்கும் வரை கேட்டிருக்கிறது. பிறகு அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்தது.

எனக்கு அவர்கள் தூரத்து உறவு. மதுரையில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, பெற்றோர் ஊரில் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். நான்கு அறைகளில் ஒன்றைத்தான் புழங்குகிறேன். பின்னறையைத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்தேன்.

வானம் கறுத்தால் பிள்ளை புத்தகப் பையைப் பரணில் ஏற்றிவிடும். பள்ளிக்கூடம் கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கமே போகாது. ஒருநாள் கடையில் தேங்காய் வாங்கும்போது, "இனிமே மழையே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டது. கடைக்காரம்மா கையை ஓங்கிவிட்டார்.

"ஏத்தா, வாயிலயே போடுவேன்! மழைய அப்படிச் சொல்லலாமா? திங்கிற சோறு எங்கிட்டு இருந்து வருது?"

நானும் பக்கத்தில் நின்றேன். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றேன். இந்தப் பக்கத்தில் துணி நான்கு நாள் காயாவிட்டாலும் யாரும் மழையை வேண்டாம் என்று சொல்வதில்லை. 'பரவலாக மழை, விவசாயிகள் மகிழ்ச்சி' என்று எத்தனை முறை தலைப்புப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசவே இல்லை. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் ஆனது. வேனுக்காக வாசலில் நின்ற தாய் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, இவ பள்ளிக்கூடம் போகாட்டி நான் மில்லுக்குப் போக முடியாது. மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா திருப்பூர்ல என் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்." பிள்ளை தாயின் சேலையைப் பிடித்திருந்தது. வேன் ஹாரன் அடித்ததும் விட்டது.

அன்று அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கடையில நான் சொன்னது தப்பு. மழை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நான் எழுதிக்கிறேன்" என்று குறிப்பு நோட்டை எடுத்தேன். 'மழை வேண்டாம்: மாணவி கோரிக்கை' என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தது.

"எந்த ஊருன்னு போடணும்ல?"

போட்டேன். அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "நான்தான் கூப்பிட்டேன் பெரியம்மா" என்றது.

எனக்கு விளங்க நேரமானது. ஐப்பசியில் மழை பிந்தியபோது ஊரில் மழைக்கஞ்சி எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கஞ்சி வாங்கி, ஊர் எல்லையில் வைத்து, மழையைக் கேட்டு அழுது, எல்லோருமாகக் குடிப்பார்கள். அந்த வருடம் கலயம் சுமந்தது இந்தப் பிள்ளை. நன்றாக அழுதிருக்கிறது. முதல் மழை விழுந்ததும், "உன் வாய்க்குத்தான்டி வந்துச்சு" என்று பெண்கள் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார்கள். கேட்டால் வரும் என்றால், வந்ததற்கும் தானே பொறுப்பு என்று பிள்ளை நினைத்திருக்கிறது. நிறுத்தச் சொன்னதற்கோ நாங்கள் வாயை அடைத்துவிட்டோம்.

"நீ இல்லம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டியது. அது நம்பாத ஆட்டல். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை: விசாரித்துப் பார்ப்பது. நோட்டை அதன் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

மிளகாய்க் காட்டில் பழம் பறித்த பெண்களிடம் பிள்ளையே கேட்டது. "நீங்க கஞ்சி எடுத்தப்ப மழை வந்துச்சா?"

"எங்க வந்துச்சு! கஞ்சியக் குடிச்சு எங்களுக்கு வயித்தாலதான் போச்சு."

"நான் சடங்கான வருசம் இவதான் கலயம் தூக்குனா. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

"நீ அழுத லட்சணத்துக்கு மேகம் மதுரைக்கே ஓடிருச்சு, போடி!" என்று அவளை இன்னொருத்தி கிண்டலடித்தாள்.

பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 'வரலை' என்று எழுதியது. திரும்பும் வழியில், வீரசோழனிலிருந்து வண்டியில் துணி கொண்டுவரும் பாய் நின்றார். அவரிடமும் கேட்டது.

"எங்க ஊருல யாரும் கஞ்சி எடுக்கலையேத்தா. அங்கயுந்தான் கொட்டித் தீத்துச்சு. என் கடைக்குள்ள முழங்கால் தண்ணி."

"யாருமே கூப்பிடலையா?"

"ஒருத்தரும் கூப்பிடல."

அதை எழுதுவதற்கு முன் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு 'கூப்பிடலை, வந்துச்சு' என்று எழுதியது.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது பள்ளிக்குப் போனது. செருப்பை வகுப்புக்குள் போட்டுக்கொள்ள டீச்சரிடம் நான் அனுமதி கேட்டேன். முதல் வாரம் இரண்டு நாள் பாதியில் ஓடி வந்தது. மூன்றாவது வாரம் ஓடி வரவில்லை. தாய் திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஆனியில் மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைத்து இருவரும் டவுனுக்குப் போனார்கள். பஸ் ஏறும்போது பிள்ளை நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என் நடைச் சத்தம் எனக்கே கேட்கிறது. பின்னறையைப் பூட்டவில்லை, திறக்கவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மதியம் பெரிய மழை பிடித்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாய்தான் கூப்பிட்டாள். அங்கேயும் மழைச் சத்தம்.

"அக்கா, பிள்ள தூங்குறா."

"செருப்பு?"

பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "ஒரு காலு கழண்டு கெடக்கு. எடுத்து வைக்கவா?"

"அது கிடக்கட்டும்" என்றேன்.

போனை வைத்த பிறகும் மழை விடவில்லை. எதிர்வீட்டில் யாரோ வாசலுக்கு வந்து, நல்லாப் பெய்யட்டும் என்றார்கள். நான் போனைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.