கறுப்புப் பெயிண்ட் அடித்த பித்தளைப் பல்சக்கரம்

போன வாரம் பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கும்போது மிக்ஸி மோட்டார் கருகிவிட்டது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. மோட்டார் கம்பியின் வார்னிஷ் கருகும் வாசனை வந்தால் நான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், எழுந்து நடப்பேன். அன்றைக்கு என்று பார்த்து என் பழைய சிநேகிதர் சாபிர் பாயும் போன் செய்தார்.

"டர்னரே, ஒரேயடியா வந்துட்டேனுங்க. இனி சவுதிப் பக்கமே போறதில்ல. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன். நம்ம வண்டி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க பாய்" என்றேன். இருந்தது. அதுதான் தொல்லை.

வண்டி என்றால் ரிமோட்டில் ஓடும் ஜப்பான் வண்டி. முழங்கை நீளம், கொழுத்த டயர்கள், நாலு பக்கமும் ஸ்பிரிங். மண், மேடு, பள்ளம் எதிலும் போகும். ஒரு மில் முதலாளி வீட்டிலிருந்து, மோட்டார் ஓடவில்லை என்று சாபிர் பாயிடம் கொடுத்தார்கள். அவர் சரிசெய்தார், திரும்பி வாங்க யாரும் வரவில்லை, அது எங்கள் வண்டியாகிவிட்டது. கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் அவர் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன பம்பு மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. நான் கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன், அதனால் அவருக்கு நான் டர்னர். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். அவர் கடையில் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். பேசுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

அப்போதெல்லாம் கோடையில் ஊர்க் குளம் வறண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் ஃபவுண்டரி ஆட்களும் பட்டறை ஆட்களும் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் வண்டி வெடித்த சேற்றில் குதித்து ஓடினால் ஆட்டம் நின்றுவிடும். கரை செங்குத்து, சரளை மண். அதில் மட்டும் வண்டி பாதிக்கு மேல் ஏறாது.

"இதென்னங்க, கரையப் பாத்துட்டுக் கும்பிட்டுட்டு வந்துருது?" என்று கேலி செய்வார்கள்.

சாபிர் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. மோட்டாரைப் பிரித்து, இருபத்தேழு சுற்று இருந்த இடத்தில் தடித்த கம்பியில் இருபத்திரண்டு சுற்று சுற்றினார். சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், ரொம்பக் குறைத்தால் கருகும். அந்த அளவு அவர் விரலுக்குத் தெரியும். அவர் கட்டிய காயில் கருகியது என்று கோயம்புத்தூரில் ஒருத்தரும் சொன்னதில்லை.

மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உண்டு. அது இரண்டு முறை பல் உதிர்ந்துபோனது. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதை என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னார்.

"பித்தளையில ஒண்ணு வெட்டிறட்டுங்களா பாய்?"

"வேண்டாமுங்க. அது ஒடையறதுக்குன்னே வெச்சது. முட்டுனா அது ஒடைஞ்சு மோட்டாரக் காப்பாத்தும்."

கேட்டேன், தலையாட்டினேன். ஆனால் நான் பம்புசெட்டு ஊர்க்காரன். ஒரு சாமான் இரண்டு முறை உடைந்தால் மூன்றாவது முறை அதை உலோகத்தில் செய்யாவிட்டால் எங்களுக்குக் கை அரிக்கும். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பித்தளையில் பல் வெட்டினேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று கறுப்புப் பெயிண்டும் அடித்தேன். கரை ஏறிய பிறகு சொல்லி அசத்திவிடலாம் என்று நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி முக்கால் கரை ஏறியது. எல்லோரும் "ஏறு, ஏறு" என்று கத்தினார்கள். அங்கே முன் சக்கரம் ஒரு கல்லில் சிக்கியது. பிளாஸ்டிக்காக இருந்தால் பல் உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். பித்தளை விட்டுக்கொடுக்கவில்லை. மோட்டார் சுற்ற முடியாமல் முனகியது, வார்னிஷ் கருகிப் புகைந்தது.

"பாய் காயில் கட்டுனா பீடி கணக்கா பொகையுதுங்கோ!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

சாபிர் பாய் மோட்டாரை அங்கேயே திறந்து பார்த்தார். "சுத்து எண்ணறதுல எங்கியோ உட்டுப்போட்டேனுங்க, டர்னரே" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் இருபது பேர். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் கடையில் அவர் ஒரு பம்பு காயிலை மூன்று முறை பிரித்துப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. சில மாதத்தில் கடையை மூடிவிட்டு லாரி ஓட்ட சவுதி போனார். வண்டியை என்னிடம் விட்டுப் போனார்.

போன வாரம் முழுக்க அதைச் சரிசெய்தேன். புது மோட்டார், புது பேட்டரி, சக்கரம் சுழலும் புஷ் இருந்த இடத்தில் பேரிங். பெட்டிமேல் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு ஓடாது, படத்தைப் பார்த்து போனில் ஆர்டர் போட்டதில் முதலில் வந்த டயர் தீப்பெட்டி அளவு. கியர்ப்பெட்டியைத் திறந்தேன். பெயிண்ட் உரிந்து பித்தளை மின்னியது, ஒரு பல்கூடத் தேயவில்லை.

"ஏனுங்க, பிரசவ வார்டு வாசல்ல நிக்கறவனாட்டம் எதுக்குங்க இந்த நடை நடக்கறீங்க?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் வந்தார். தாடி முழுக்க வெள்ளை. வண்டியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். நான் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. கழற்றிய பல்சக்கரத்தை அவர் கையில் வைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெயிண்ட் வேற அடிச்சீங்களா?"

"ஆமாங்க பாய்."

"லாரி ஓட்டறப்பல்லாம் ஸ்டீரிங்கு மேல வெரல வெச்சு எண்ணிட்டே போவேனுங்க. இருவது, இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு. எங்க உட்டேன், எங்க உட்டேன்னு. இத்தன வருசமும்."

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் டீயைக் குடித்து முடித்தார். "வேல சுத்தமாத்தான் இருக்குதுங்க" என்று பல்சக்கரத்தைத் திண்ணைமேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. மறுபடி வருவதாகவும் சொல்லவில்லை.

அன்று மதியம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் குளத்துப் பக்கம் போனேன். இப்போது வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, கரைக்கு டைல்ஸ் போட்டு விளக்குகள் நட்டிருக்கிறார்கள். கோட்டைமேட்டுக்கும் போனேன். அவர் கடை இருந்த வரிசையில் முன்பு காயில் கட்டுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள், இப்போது ஒருவரும் இல்லை. மற்றவர்கள் எதனால் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரை அனுப்பியது நான்.