மழை விட்டபின் வரும் மழை அறிவிப்பு

வானிலை நிலையத்தில் அவளுக்குக் கோப்பக்கா என்று பெயர். பதினெட்டு வருஷமாக, எதிரே யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது, "கோப்பு எழுதி முடிஞ்சுதா?" வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவளுக்கு ஸ்வெட்டர்தான். கணினி அறையின் குளிர் அப்படி.

அங்கே பெரிய கணினிக்குள் கணக்குப் போடும் மூளைகளான ஆயிரம் கோர்கள் சேர்ந்து பத்தே நிமிஷத்தில் மழைக் கணக்கைப் போட்டுவிடும். அந்த விடையை டிஸ்க்கில் கோப்பாக எழுதத்தான் இரண்டு மணி நேரம். ஆயிரமும் ஒரே கோப்பில் எழுதப் பாயும்; ஒன்று உள்ளே போனால் மற்றவை வெளியே காத்துக் கிடக்கும். மூன்று மணிக்கு வரவேண்டிய அறிவிப்பு, மழை கொட்டி ஓய்ந்த பிறகு ஐந்து மணிக்கு ஊராரின் செல்போனில் போய் விழும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது மழைக்கு முன்னாடி அறிவிப்பு போகணும். இல்லேன்னா இந்த அறையை இழுத்து மூடிடுவேன்" என்றார் இயக்குநர்.

கோப்பக்காவிடம் வழி இருந்தது. ஐம்பது கோர்களின் விடைகளையும் அவற்றில் ஒன்றே வாங்கி, மொத்தமாக எழுதட்டும். ஆயிரத்துக்கும் சேர்த்து இருபது கோர்கள் எழுதினால் போதும். நிரலை எழுதிய மூத்த விஞ்ஞானி முறைத்தார்.

"மத்ததெல்லாம் வெட்டியா நிக்கவா?"

"இப்போ மட்டும் என்ன கிழிக்குது சார்? வாசல்ல முட்டி மோதிக்கிட்டுதானே நிக்குது!"

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கணக்கு முடிந்தது. மூன்று ஐந்துக்குக் கோப்பும் முடிந்தது. 'நான்கு மணிக்குக் கனமழை' என்று அறிவிப்பு பறந்தது. கோப்பக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. மூன்று ஐம்பத்தெட்டுக்கு முதல் துளி விழுந்ததும், இயக்குநர் நிற்பதையும் மறந்து துள்ளினாள்.

அப்போது சலவைக் கடை நடத்தும் கணவனின் அழைப்பு. பெருமையில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னங்க, அறிவிப்பு பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுதான்டி நாப்பது போர்வையையும் மாடியில காயப்போட்டேன்! அத்தனையும் தொப்பலா நனைஞ்சு போச்சு!"

"மழை வரும்னுதானே போட்டிருந்துச்சு?"

"இத்தனை வருஷமா நீ மழைன்னா, மழை விட்டாச்சுன்னு அர்த்தம். திடீர்னு இன்னிக்கு உண்மையைச் சொன்னா மனுஷன் என்ன பண்ணுவான்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, சிரிப்பு.

"அறை இருக்கட்டும். நாளையிலேர்ந்து அறிவிப்புல ஒரு வரி சேர்த்துடும்மா" என்றார். "'மழை இனிமேல்தான்'னு."