பெயரில் ஒரு ஸ்லாஷ்

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தொலைபேசியைப் பன்னிரண்டு முறை பிடித்து வைத்திருந்தவன் நான்தான். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் கம்ப்யூட்டர்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் போர்டு பைத்தியம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — தஞ்சோங் கிளிங்கில் ராஜன் என்று ஒருவர். ஹோட்டலில் வேலை. தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொலைபேசி லைனோடு கட்டிப் போட்டிருக்கிறார். குருபோங்கில் இருக்கும் நான் மோடம் வழியாக அதை அழைத்து, பலரும் எழுதிப் போட்ட கடிதங்களைப் படிக்கலாம், பதில் போடலாம். கோயில் நோட்டீஸ் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்... இங்கே சண்டை கொஞ்சம் அதிகம். போன மாதம் முழுக்க, தோசைக்குச் சாம்பாரா, சட்னியா என்று ஓடியது. சிரிக்காதீர்கள், அதில் இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஒரே ஒரு சிக்கல். நான் படித்து முடிக்கும்வரை வீட்டுக்கு வேறு போன் வராது. அழைப்பவர்களுக்கு எங்கேஜ்ட். நானோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள்.

என் மனைவி சரசு இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாள். இந்த மாதம் முடியாது என்று சொல்லிவிட்டாள். காரணம், அவள் தம்பி கணேசன்.

கணேசன் வெல்டர். நான்கு மாதமாக வேலை இல்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷட்டவுன் வருகிறது. அதாவது, ஆலையை நிறுத்தி வைத்துப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ஒரு காண்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார். கணேசன் இருக்கும் தோட்டத்து வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பப் பாரத்தில் எங்கள் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். அழைத்து லைன் கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்களாம்.

“ஏங்க, போனு உங்க மிஷினுக்கு மட்டுமா இழுத்தாங்க? என் தம்பிக்கு இந்த வேல போச்சுன்னா, அந்த டப்பாவத் தூக்கி முன்னால சாக்கடத் தண்ணி ஓடுற லோங்காங்ல போட்டுருவேன், ஆமா!”

நியாயம்தானே? எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ராஜனிடம் புலம்பினேன். அவர் ஒரு டிஸ்கெட் கொடுத்தார். அதில் இருக்கும் புரோகிராம், போர்டை அழைத்துப் புதுக் கடிதங்களை ஒரே மூட்டையாகக் கட்டி நம் கம்ப்யூட்டரில் இறக்கிவிடும். லைன் இரண்டு நிமிடம் போதும். போனை வைத்துவிட்டு, காப்பி குடித்துக்கொண்டே நிதானமாகப் படிக்கலாம். பதில்களையும் எழுதி வைத்து, அடுத்த முறை மொத்தமாக அனுப்பலாம்.

சனிக்கிழமை சரசு பசாருக்குக் கிளம்பினாள். “போன் மேல ஒரு கண்ணு வைங்க” என்றாள். “ரெண்டே நிமிஷ வேல. அப்புறம் லைன் சும்மாத்தான் இருக்கும்” என்றேன். கம்ப்யூட்டர்காரன் சொல்லும் இரண்டு நிமிடத்தை நம்புகிறவர்கள் பாவம்.

டிஸ்கெட்டைப் போட்டேன். மோடம் எங்கே, மூட்டையை எங்கே இறக்க, எதை வைத்துப் பிரிக்க... கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியாக, முழுப் பெயர் என்ன என்றது.

முழுப் பெயர் என்றால் நமக்கு எது? ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருப்பது! பள்ளிக்கூடப் பாரம் தொடங்கி பேங்க் பாரம் வரை அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம்? என் பெயர், பிறகு ‘மகன்’ என்பதற்கான ஏ/எல், பிறகு அப்பா பெயர். ஒன்று குறைந்தாலும் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்களே! அப்படியே தட்டினேன்.

மோடம் கீச்சிட்டது. மூட்டை இறங்கியது. ஆகா என்று நிமிர்ந்தால் — பாதை தவறு என்று ஒரு வரி. மூட்டையைக் காணோம்!

லைன் சரியில்லை என்று நினைத்தேன். மறுபடி அழைத்தேன். மறுபடி அதே வரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு டிஸ்கெட் என்னை ஜெயிப்பதா? விட்டேனா பார் என்று திரும்பத் திரும்ப அழைத்தேன்.

பதினொன்றாவது முறை, ராஜனே திரையில் எழுதினார். “அண்ணே, என்ன காலையிலேர்ந்து வர்றீங்க, போறீங்க? செட்டப்ல பேரு எப்படிப் போட்டீங்க?”

“ஐசில உள்ள மாதிரிதான்.”

“ஐயோ! அந்த ஏ/எல்ல எடுங்கலா! நடுவுல உள்ள ஸ்லாஷப் பாத்தா டாஸுக்குக் கிறுக்குப் புடிச்சிரும்.”

விஷயம் இதுதான். மூட்டையை வைக்க, புரோகிராம் என் பெயரிலேயே ஓர் இடம் உண்டாக்கப் பார்த்திருக்கிறது. கம்ப்யூட்டரை ஓட்டும் டாஸுக்கு அந்தச் சாய்கோடு பெயரில்லை, கட்டளை. ‘மகன்’ என்பதற்கு நடுவில் ‘பின்’ போடும் மலாய்க்கார அஹ்மட்டுக்கு இந்த வம்பு இல்லை. ஒன்றுமே போடாத சீனர் லிம்முக்கும் இல்லை. வாய்த்தது நமக்குத்தான்.

சாய்கோட்டை எடுத்தேன். பன்னிரண்டாவது முறை எல்லாம் ஒழுங்காக இறங்கியது. மணி பதினொன்று.

சரசு மீன் பையோடு வந்தாள். ரிசீவரை எடுத்து அவள் காதில் வைத்தேன். “கேளு, டயல் டோன்! இனிமே லைன் ஃபுல்லா உனக்குத்தான்.”

அவள் அப்படியே காண்ட்ராக்டர் ஆபீசுக்கு அடித்தாள். “கணேசனோட அக்கா பேசறேன்மா... ஆமா, வெல்டர்... எத்தன தடவ?... மூணு தடவையா?... இல்லமா, போனு நல்லாத்தான் இருக்கு... வேற ஆள எடுத்துட்டீங்களா?”

ரிசீவரை வைத்தாள். மீனைக் கழுவப் போய்விட்டாள். லோங்காங்கில் போடுவேன் என்று கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மத்தியானம் கணேசன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தேய்த்த சட்டை.

“அக்கா, போன் வந்துச்சா?”

“வரலடா” என்றாள் சரசு, என் பக்கம் திரும்பாமல்.

சொந்தத் தம்பியிடம் எனக்காகப் பொய். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே, உட்கார முடியாத வெட்கம்.

“வந்துச்சு, கணேசா. மூணு தடவ. நான்தான் லைனப் புடிச்சிட்டு இருந்தேன். வேற ஆள எடுத்துட்டாங்க.”

அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

“பரவால்ல மாமா. அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்.” குத்தலே இல்லாமல் கேட்டான். “உங்க லெட்டரெல்லாம் வந்துருச்சா?”

வந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எனக்கென்று எழுதியது ஒன்றுகூட இல்லை.