டேங்கி மேட்டுக் கிரகணம்

நாகலெட்சுமி கிரகணத்துக்காக முதல் அடி வாங்கியது மூத்த மகள் பிறந்த அன்று. பிள்ளை மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்திருந்தது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரிக் கட்டிலில், பிரசவக் களைப்பில் கிடந்தவளின் கன்னத்தில் புருஷன் ஆண்டியப்பன் ஓங்கி அறைந்தான்.

“கெரகணத்தன்னைக்கு மலைக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லியாடி?”

மாசமாயிருந்தபோது வந்த கிரகணத்தன்று அவள் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனது உண்மைதான். அன்று வேலைக்குப் போகாமலிருந்தால் வீட்டில் ரொட்டி சுட மாவு இல்லை என்பதும் உண்மை.

பிள்ளைக்குச் சுதர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். பால் மூக்கு வழியாக வரும். கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டி நாகலெட்சுமி அவளை வளர்த்தாள். பிள்ளைக்குப் புரையேறும் போதெல்லாம் தாய்க்கு அடி விழுந்தது. ஒரு முறை விறகுக் கட்டையால் அடித்ததில் முன்பல் போயிற்று. இன்னொரு முறை விலா எலும்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் சுவர் மெல்லியது. சத்தம் எல்லாக் காம்பராவுக்கும் கேட்கும். ஆனாலும் ஒரு கதவும் திறக்காது.

விலா உடைந்த பிறகு அவளால் கொழுந்துக் கூடை சுமக்க முடியவில்லை. பிள்ளைக் காம்பராவில், மலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே தோட்டப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சிவகௌரி டீச்சர் இடைவேளையில் அங்கே தேநீர் குடிக்க வருவாள். இருவருக்கும் ஒரே வயது. உடைந்த வாசல் கதவைப் பொருத்த வந்த ஃபெக்டரி வெல்டர் அழகனும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டான்.

தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் என்று ரேடியோ சொன்னது. மூன்று பேருக்கும் அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது.

“நான் தெனம் நெருப்பப் பாக்குறவன்க்கா. சூரியன ஒருக்கா நேருக்கு நேரா பாத்துரணும்” என்றான் அழகன். வெல்டிங் முகமூடியில் மாட்டும் கண்ணாடிகளில் ஆகக் கறுப்பானதைக் கொண்டு வந்தான். சூரியனின் பிம்பம் உள்ளே விழுவதற்காகச் சிவகௌரி பிஸ்கட் பெட்டியில் ஊசித் துளை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். பெட்டிக்குள் மிளகளவு வெளிச்சம் விழுந்ததும் மூவரும் கத்திவிட்டார்கள்.

அப்போது நாகலெட்சுமிக்கு அஞ்சு மாசம்.

“நீங்கள் வர வேண்டாம்” என்றாள் சிவகௌரி. “வெளியில நிண்டா பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனா உங்கட மனுசன் விடமாட்டார்.”

“ஏழு வருசமா அதுக்காகத்தான் டீச்சர் அடி வாங்குறேன். அது எப்புடி இருக்கும்னுகூட நான் பாத்ததில்ல.”

கிரகணத்தன்று தோட்டம் லீவு. லயங்களில் கதவுகள் சாத்தியிருந்தன, அடுப்பு எரியவில்லை. தீபாவளிச் சாராயத்தில் ஆண்டியப்பன் இன்னும் எழும்பவில்லை. நாகலெட்சுமி மகளை அடுத்த காம்பராவில் விட்டுவிட்டு, ஃபெக்டரிக்கு மேலே இருக்கும் தண்ணீர் டேங்கி மேட்டுக்கு ஏறினாள். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். பனி விலகியது. அழகன் கண்ணாடியை அவள் கையில்தான் முதலில் கொடுத்தான்.

பச்சை நிறத்தில் ஒரு வட்டம். அதன் ஓரத்தில் கொஞ்சம் இல்லை. அவ்வளவுதான். சத்தமில்லை, கோபமில்லை. “தின்னுது, தின்னுது” என்று அழகன் குதித்தான். சிவகௌரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்காகவா இத்தனை அடி என்று கண்ணாடியை மறுபடி தூக்கிப் பிடித்தாள்.

பின்னாலிருந்து மயிரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். ஆண்டியப்பன். மறு கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை ஒரே வெட்டில் துண்டாக்குகிற கத்தி.

“வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு வேடிக்கையாடி பாக்குற? ரெண்டாவதையும் மூளியாக்கப் போறியா?”

தரையில் தள்ளி வயிற்றில் மிதித்தான். கண்ணாடி கல்லில் பட்டு இரண்டாக உடைந்தது. குறுக்கே பாய்ந்த அழகன் கத்தியைத் தடுக்கக் கையை நீட்டினான். முன்கை எலும்பு வரை பிளந்தது. இரத்தம் டேங்கிச் சுவரில் தெறித்தது. சிவகௌரி பெட்டியை ஆண்டியப்பன் தலையில் எறிந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

அந்த இடைவெளி போதுமாயிருந்தது. நாகலெட்சுமி எழுந்து, கையில் அகப்பட்ட கருங்கல்லால் அவன் முழங்காலில் இடித்தாள். எலும்பு நொறுங்குவது கேட்டது. அவன் தண்ணீர் வழியும் கானுக்குள் மல்லாந்து விழுந்தான். அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, விழுந்து கிடந்த கத்தியை எடுத்துக் கழுத்தில் வைத்தாள். மறு கையால் அவன் இமையை விரித்துப் பிடித்து முகத்தைச் சூரியனுக்குத் திருப்பினாள்.

“பாருடா! பாரு!”

அவன் அலறினான்.

“விடுங்கோ, நாகலெட்சுமி! அந்தாளின்ர கண் போயிடும்!” என்று சிவகௌரி கத்தினாள்.

போகட்டும் என்றுதான் அந்த நொடியில் நினைத்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த உடைந்த கண்ணாடித் துண்டைக் கண்டாள். அதை எடுத்து அவன் கண்ணின் மேல் அழுத்தினாள். விளிம்பு புருவத்தைக் கீறியது. கத்தி அசையவில்லை.

“என்னா தெரியுது? சொல்லு.”

“கடிச்ச... கடிச்ச ரொட்டி மாதிரி...”

“எம் புள்ள ஒதட்ட அதுவா கடிச்சிச்சு?”

அவன் அழுதான். அவள் கத்தியைப் பள்ளத்தில் வீசிவிட்டு எழுந்தபோதுதான் தொடையோடு சேலை இரத்தத்தில் நனைந்திருப்பது தெரிந்தது.

கொழுந்து லொறியில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பொலிஸ் வந்தது. வெட்டியவனைக் கட்டிலில் விட்டுவிட்டு, யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருந்த சிவகௌரியைக் கொண்டு போய் விசாரித்தது. புலிகளில் யாருக்கு டோர்ச் அடித்துச் சைகை காட்டினாய், அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டு அறைந்தார்கள். மறுநாள் விட்டார்கள். அழகனின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. வெல்டிங் போயிற்று, ஃபெக்டரிக் காவலுக்குப் போட்டார்கள்.

வயிற்றுப் பிள்ளை தப்பியது. மாசியில் பிறந்தது, ஆண் பிள்ளை, உதடு முழுசாக. ஆண்டியப்பன் வீட்டார், முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டதால்தான் என்றார்கள். நாகலெட்சுமி வாதாடப் போகவில்லை. அந்தக் காம்பராவுக்கும் திரும்பிப் போகவில்லை. நொண்டிக்கொண்டே ஆண்டியப்பன் இரண்டு தரம் தேடி வந்தான். இரண்டாம் தரம் அவள் விறகுக் கோடரியோடு பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றாள். பிறகு அவன் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சுதர்ஷினியின் உதட்டைக் கண்டியில் தைத்தார்கள்.

தொண்ணூற்றொன்பது ஓகஸ்டில் மறுபடி கிரகணம், சாயந்தரத்தில். மூன்று பேரும் பிள்ளைகளோடு சிவனொளிபாத மலையடியிலிருக்கும் நல்லதண்ணி வரை போனார்கள். மழை. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகன் மேகத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நாகலெட்சுமி முன்பல் இல்லாத வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். இருட்டும் வரை நின்றுவிட்டு, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.